எண்ணில் சேராத வசனம்

ஹாஜியாரின் மேசையில் ஒரு மர அடிமட்டம் கிடக்கும். அங்குலக் கோடுகள் பாதி தேய்ந்து, விளிம்பெல்லாம் மை ஊறிக் கறுத்துப் போனது. புத்தளம் பஸ் நிலையத்துக்குப் பின்புறம், அரிசிக் கடையொன்றின் மேல்மாடியில் இருந்தது அவருடைய மொழிபெயர்ப்பு அலுவலகம். நான் அங்கே வேலைக்குச் சேர்ந்த அன்று, அலுமாரியையோ தட்டச்சு இயந்திரத்தையோ காட்டாமல் அந்த அடிமட்டத்தைத்தான் எடுத்து என் கையில் தந்தார். மொழிபெயர்ப்பாளர்கள் எழுதிக்கொண்டு வந்து தரும் தாள்களின் மேல் அதை வைத்து, எழுத்து எவ்வளவு உயரத்துக்கு நிற்கிறது என்று நான் அளக்க வேண்டும். தாள் நிறைந்திருந்தால் ஒரு பக்கக் கூலி. பாதிக்கு மேல் இருந்தால் முக்கால், கீழே இருந்தால் அரை. கையெழுத்து நெருக்கமா ஐதா என்று சண்டை வந்தால், நடுப்பக்கம் ஒன்றை எடுத்து, அதன் நடுவில் சில வரிகளின் சொற்களை எண்ணி, அதை வைத்து முழுக் கட்டையும் மதிப்பிடுவோம். எழுதியவர்கள் எதிர்க் கதிரையில் இருந்துகொண்டு, தைக்கக் கொடுத்த துணியை வெட்டும்போது பார்க்கிற மாதிரி என் கையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அது பொற்காலம் என்று சொல்ல நான் வரவில்லை. அந்த அடிமட்டம் எப்போதும் ஒரு நூல் குறைவாகத்தான் காட்டும். அது மரத்தின் குற்றமா, ஹாஜியார் கற்றுத்தந்த கையின் குற்றமா என்று நாங்கள் எங்களுக்குள் பகிடி பண்ணுவோம். கற்பிட்டியிலிருந்து ஒருவர் சிங்களத்துச் சிறுவர் பாட்டுகளைத் தமிழாக்கிக்கொண்டு வருவார். ஒரு வரியில் மூன்று சொல்லை வைத்துவிட்டு மிச்ச வெள்ளைத் தாளுக்கும் கூலி கேட்பார். அந்த வெள்ளையை விடுவதற்குத்தான் அதிக நேரம் பிடித்தது என்பது அவருடைய வாதம். ஹாஜியார் ஆசையோடு கேட்டுச் சிரித்துவிட்டு அரைப் பக்கத்துக்குத்தான் கொடுப்பார். ஆனால் ஒரு விஷயத்தில் அவர் கணக்குப் பார்த்ததில்லை. காணி உறுதிகளில் வடக்கெல்லை, கிழக்கெல்லை என்று அதே வசனங்கள் திரும்பத் திரும்ப வரும். அவற்றையும் முழுதாக அளக்கச் சொல்லுவார். ஏன் என்று கேட்டதற்கு, "ரெண்டாம் தரம் எழுதினா கை நோகாதா?" என்றார்.

ரீச்சரை நான் முதலில் பார்த்ததும் அந்த எதிர்க் கதிரையில்தான். கண்டக்குழிக்காரர். கரையோரப் பள்ளிக்கூடங்கள் பலவற்றில் இங்கிலிஷ் படிப்பித்துவிட்டு ஓய்வு பெற்றவர். கலியாணம் கட்டவில்லை, தம்பியின் குடும்பத்தோடு இருந்தார். தம்பி கடற்றொழில். கிழமைக்கு ஒரு தடவையாவது கற்பிட்டி பஸ்ஸில் ஏறி, மடியில் குடையும் குடைக்கு மேலே தாள்கட்டுமாக வந்து இறங்குவார். அடக்கமானவர் என்று அவரைச் சொன்னால் அவரே சிரிப்பார். தன்னுடைய இங்கிலிஷைப் பற்றி அவருக்கு அளவில்லாத பெருமை. மற்ற மொழிபெயர்ப்பாளர்களின் தாள் மேசையில் கிடந்தால் கண்ணாடியை மூக்கில் இறக்கி ஒரு பார்வை பார்ப்பார். பிறகு ஒன்றும் சொல்லாமல் தாளைத் தலைகீழாகத் திருப்பி வைத்துவிடுவார். பிளேன்ரீக்கு மூன்று கரண்டி சீனி போடுவார். என்னைக் 'கணக்கப்பிள்ளை' என்று கூப்பிடுவார். அன்பு வந்தால் மட்டும் 'மகள்'. அவர் வருகிற நாளில் அந்த மேல்மாடியில் காற்று கொஞ்சம் அதிகமாக அடிப்பதாக எனக்குத் தோன்றும்.

ஹாஜியார் மௌத்தானதும் அலுவலகம் அவருடைய மருமகன் கைக்கு வந்தது. நாங்கள் அவரை நானா என்போம். கெட்ட மனிதரில்லை. காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் நம்பி ஓர் அலுவலகத்தை நடத்த முடியாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. கொழும்பில் பெரிய மொழிபெயர்ப்பு நிறுவனம் ஒன்றைப் பிடித்து அவர்களுடைய வேலையைக் கீழே வாங்கிச் செய்யத் தொடங்கினார். வேலையோடு அவர்களுடைய அளவையும் வந்தது. இனிப் பக்கமில்லை, வரியில்லை, சொல்தான் கணக்கு. அதையும் நான் எண்ண வேண்டியதில்லை, கணினி எண்ணும். மொழிபெயர்ப்பு முடிந்ததும் அந்தக் கோப்பை அவர்களுடைய செயலிக்குள் போட்டால் போதும். ஆனால் அந்தச் செயலிக்கு ஒரு குணம் இருந்தது. ஒரு கட்டில் ஒரே வசனம் இரண்டாவது தடவை வந்தால் அதை அது எண்ணாது. முன்பே எழுதிய வசனம், ஒட்டினால் போதும், அதற்கு எதற்குக் கூலி என்பது அவர்களுடைய நியாயம். மூலத் தமிழை அது திரும்பியும் பார்ப்பதில்லை. மொழிபெயர்த்து வந்த ஆங்கிலத்தை மட்டும் பார்த்து, புதிய சொல் இவ்வளவு, திரும்ப வந்தது இவ்வளவு என்று இரண்டாகப் பிரித்துக் காட்டும். திரும்ப வந்தது வெறும் காற்று.

முதலில் அது எங்களைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. கைத்தொழிற்சாலைகளின் அறிவித்தல்கள், மருந்துக் குறிப்புகள் என்று வந்தவற்றில் அங்கொன்று இங்கொன்று வெட்டுப்படும். ரீச்சர் படியேறி வரும்போதே, "இண்டைக்கு எத்தினையை வெட்டினீங்க கணக்கப்பிள்ளை?" என்று கேட்பார். நானும் ஏதாவது சொல்லிச் சமாளிப்பேன். அப்படியே போயிருந்தால் இதை எழுத வேண்டி வந்திருக்காது.

அந்த வருடம், கடல் அடங்கித் தொழில் தொடங்குகிற மாதத்தில், எங்கோ தூரத்தில் போன ஒரு கப்பல் எண்ணெயைக் கக்கிவிட்டுப் போனது. கண்டக்குழிப் பக்கத்துக் கரை முழுவதும் தார் பூசினது போலாயிற்று. கடலில் கிடந்த வலைகளை இழுத்தெடுத்தபோது அவை வலைகளாக இருக்கவில்லை. நாற்றம் தாங்காமலும், சுகாதாரப் பரிசோதகர் சொன்னதாலும், கரையிலேயே குவித்து எரித்தார்கள். கப்பலுக்கு வெளிநாட்டில் காப்புறுதி இருந்தது; நட்டஈடு கேட்கலாம் என்று கொழும்பிலிருந்து சட்டத்தரணிகள் வந்தார்கள். ஆனால் ஒவ்வொருவருடைய வாக்குமூலமும் ஆங்கிலத்தில் போக வேண்டும். வாக்குமூலம் எடுக்கும் பொறுப்பைப் பங்குச் சுவாமியார் எடுத்துக்கொண்டார். எடுப்பதற்கு முன்னால் பூசை முடிந்து எல்லாரையும் நிறுத்தி வைத்துப் புத்திமதி சொன்னாராம்: ஆளுக்கொரு கதை சொல்லக் கூடாது, எல்லாரும் ஒரே வாயாகச் சொல்ல வேண்டும், ஒருவர் ஒன்றும் மற்றவர் வேறொன்றும் சொன்னால் வெள்ளைக்காரன் பொய் என்று தள்ளிவிடுவான். அவர்களும் அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டார்கள். சுவாமியாருக்கு உதவியாக இருந்த கோயில் உபதேசியார் எழுதிய தாள்களை நான் பின்னால் பார்த்தேன். பெயர் மாறும், படகு மாறும், கடலில் எந்த இடத்துப் பாட்டில் வலை போட்டார் என்பது மாறும். மற்றதெல்லாம் ஒன்று. 'எண்ணெய் பட்டு வலை பாழாப் போச்சு.' ஒவ்வொரு தாளிலும் அதே வசனம், அதே இடத்தில்.

அந்த வாக்குமூலங்கள் கொழும்பைச் சுற்றி, அந்த நிறுவனத்தின் வழியாக எங்கள் மேல்மாடிக்கே வந்து சேர்ந்தன. கண்டக்குழிப் பேச்சை விளங்கி ஆங்கிலத்தில் எழுத ரீச்சரை விட்டால் வேறு யார். முதற் கட்டை அவர் சில நாட்களிலேயே முடித்து, கோப்பாகத் தட்டச்சு செய்வித்துக்கொண்டு வந்தார். எல்லாருடைய வலைக்கும் 'முற்றாக அழிந்தது' என்று பொருள் தரும் ஒரே ஆங்கிலச் சொல்லைப் போட்டிருந்தார். ஒரே சொல்லைச் சொன்னவர்களுக்கு ஒரே சொல். ஒரு மொழிபெயர்ப்பாளர் செய்ய வேண்டியது அதுதான், அதில் நூலளவும் பிழையில்லை. செயலிக்குள் போட்டேன். முதலாவது ஆளுடைய வாக்குமூலம் முழுதாக எண்ணப்பட்டது. அதற்குப் பிறகு வந்தவர்களுக்கெல்லாம் பெயரும் படகும் மட்டுமே மிஞ்சின. அவ்வளவு பெரிய கட்டுக்கு வந்த தொகையைப் பார்த்ததும் அதை வாய்விட்டுச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன்.

ரீச்சர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகத்தான் கேட்டார்.

"ஒவ்வொண்டையும் வாசிச்சு வாசிச்சுத்தானே மகள் எழுதினன். முதலாவது ஆளுக்குத்தான் வலை போனதா? மத்தவங்களுக்குப் போகல்லையா?"

அவர் நானாவிடமும் போய்க் கேட்டார். கொழும்பிலிருந்து தனக்கு வருவதைத்தான் தான் தரலாம், அதற்கு மேல் தன்னால் ஏலாது என்று நானா சொன்னார். அது உண்மை. பொய் சொல்லியிருந்தாலாவது கோபித்துக்கொள்ள ஓர் ஆள் கிடைத்திருப்பார். கொழும்பில் இருந்தவரைக் கேட்டிருந்தால் அவரும் இன்னொரு நாட்டைக் காட்டியிருப்பார். எழுத்தை அளக்கிறவர்களிடம் ஒரு பொதுக் குணத்தை நான் கண்டிருக்கிறேன்: அளவு தாங்கள் வகுத்ததல்ல என்றுதான் எல்லாரும் சொல்லுவார்கள். அடிமட்டத்தோடு இருந்த காலத்தில் நானும் அதைத்தான் சொன்னேன்.

ரீச்சருக்கு அந்தக் கூலி கைச்செலவுக்கு அல்ல. தம்பியின் படகு கரையில் கவிழ்த்துக் கிடந்தது. வலையில்லை, கடலுக்குப் போகவும் விடவில்லை. மச்சாளும் பிள்ளைகளும் அந்த வீட்டில்தான். ரீச்சருடைய பென்ஷன் மாதம் பாதியிலேயே கரைந்துவிடும். மீதி நாளுக்கு அடுப்பில் உலை வைப்பது இந்த வாக்குமூலங்கள்தான். வேடிக்கையைப் பாருங்கள், தம்பிக்கு வலை போன கதையை எழுதி எழுதித்தான் தம்பி வீட்டுக்கு அரிசி வாங்க வேண்டியிருந்தது. அந்தக் கதை ஊரில் எல்லாருக்கும் ஒன்றாக இருந்தது என்பதற்காக அரிசி குறைந்தது.

இரண்டாவது கட்டோடு அவர் வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கதிரையில் இருக்கவில்லை. குடையைச் சுவரில் சாத்திவிட்டு என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார். "போடுங்க பாப்பம்" என்றார். போட்டேன். திரும்ப வந்தது என்ற பக்கத்தில் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. எல்லாம் புதிய சொல். நான் திரும்பிப் பார்த்தேன். பரீட்சையில் முதலாவதாக வந்த பிள்ளையின் முகம் அவருக்கு. ஒருவருடைய வலை முற்றாக அழிந்தது என்றிருந்தார், அடுத்தவருடையது சேதமடைந்தது, அதற்கடுத்தது பாவிக்க முடியாமற் போனது. ஒரு தாளில் எண்ணெய் முன்னால் வந்து வலை பின்னால் வந்தது, இன்னொன்றில் வலை முன்னால். வகுப்பில் ஒரே கதையைச் சொன்னாலும் பிள்ளைகள் ஆளுக்கொரு மாதிரித்தானே எழுதும், அந்தப் பிள்ளைகளாகத் தன்னை வைத்துக்கொண்டு எழுதியதாகச் சொன்னார். இங்கிலிஷில் ஒன்றைச் சொல்ல எத்தனை வழி இருக்கிறது என்று அந்த மெசினுக்குத் தெரியாது, தனக்குத் தெரியும் என்றார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கீழ்க் கடைப் பொடியனை அனுப்பி மீன் அடைத்த மாலு பாண் வாங்குவித்து, பிளேன்ரீ போட்டு, இருவரும் அந்தச் செயலியை ஏசிக்கொண்டே சாப்பிட்டோம். அவர் செய்ததில் பிழை காண எனக்கு இன்றும் மனம் வரவில்லை. அவர் புதிதாகப் பொய் எதையும் எழுதவில்லை. எண்ண மறுத்த ஒன்றை எண்ண வைத்தார்.

அன்றைக்கு மாலு பாணைக் கடித்துக்கொண்டே அவர் இன்னொன்றும் சொன்னார். தம்பியின் வாக்குமூலமும் அந்தக் கட்டில்தான் இருந்தது. அதற்கு வேண்டுமென்றே மெல்லிய சொல்லாகப் பார்த்து, 'சேதமடைந்தது' என்று போட்டாராம். "எங்கட ஆள் எண்டு கூட்டி எழுதினதா ஒரு கதை வரக்கூடாது மகள்" என்றார். அவருக்கு அதிலும் ஒரு பெருமை. நானும் தலையாட்டினேன். சொல்லில் மெல்லியதென்றும் கனத்ததென்றும் அவர் பார்த்தது ஓர் இங்கிலிஷ் ரீச்சர் பார்க்கிற மாதிரி. வேறு யாராவது அதை வேறு மாதிரிப் பார்ப்பார்கள் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு நீண்ட காலம் ஒரு செய்தியும் இல்லை. ஒரு நாள் சட்டத்தரணி வருகிறார் என்று அறிவித்தல் வந்தது. கையொப்பம் வாங்க வேண்டிய தாள்களோடு நானா என்னைக் கண்டக்குழிக்கு அனுப்பினார். கோயிலுக்குப் பக்கத்து மண்டபத்தில் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். வந்தவர் இளம் ஆள், தமிழ் தெரியாது. ஆங்கிலத்தில் பேசினார். மேடையில் அவருக்குப் பக்கத்தில் நின்று தமிழில் சொல்ல ரீச்சரைத்தான் கூப்பிட்டிருந்தார்கள். நல்ல சேலை உடுத்து, வகுப்பில் நிற்கிற மாதிரி நிமிர்ந்து நின்றார். தம்பி பின்னால் ஜன்னலோரம் நின்றார். மெலிந்த, அதிகம் பேசாத மனிதர். அக்கா மேடையில் நிற்பதைப் பார்த்துப் பக்கத்தில் நின்றவரிடம் ஏதோ சொல்லிச் சிரித்ததைக் கண்டேன்.

காப்புறுதிக்காரர் வாக்குமூலங்களை எல்லாம் வாசித்து மூன்று பிரிவாகப் பிரித்திருக்கிறார்கள் என்று சட்டத்தரணி தொடங்கினார். வலை முற்றாக அழிந்தது என்று சொன்னவர்களுக்குப் புது வலைக்குரிய தொகை. ரீச்சர் அதைத் தமிழில் சொன்னார். மண்டபத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது; பெண்கள் சிலர் சிலுவை போட்டுக்கொண்டார்கள். வலை சேதமடைந்தது என்று சொன்னவர்களுக்குத் திருத்தக் கூலி மட்டும். இதைச் சொல்லும்போதே ரீச்சரின் குரல் இறங்கிவிட்டது. பாவிக்க முடியாமற் போனது என்று சொன்னவர்கள் அந்த வலையைக் கொண்டுவந்து காட்ட வேண்டும், பார்த்துத்தான் தீர்மானிக்கலாம் என்று சட்டத்தரணி முடித்தார். காட்ட வேண்டிய வலை எரிந்து சாம்பலாகி, அந்தச் சாம்பலையும் கடல் கொண்டுபோயிருந்தது. ரீச்சர் அதையும் தமிழில் சொன்னார். தான் எழுதிக் கொடுத்த சொற்கள் ஒவ்வொன்றாகத் தன் கைக்கே திரும்பி வருகின்றன என்று அவருக்கு அந்த மேடையில்தான் விளங்கியது. எனக்கும் அப்போதுதான் விளங்கியது.

முன் வரிசையில் இருந்த, படகுகளுக்குச் சொந்தக்காரரான வயதான சம்மாட்டி ஒருவர் கையை உயர்த்தினார். கோபமாக இல்லை, விளங்காமல்தான் கேட்டார்.

"ரீச்சர், நாங்க எல்லாரும் பாழ் எண்டு ஒரு சொல்லத்தானே சொன்னம். இந்த மூண்டு சொல்லையும் ஆர் சொன்ன?"

ரீச்சர் சட்டத்தரணியின் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் வேகமாகப் பேசினார். அந்த வேறு சொற்கள் தன்னுடையவை, இவர்கள் எல்லாரும் சொன்னது ஒன்றுதான், அதை முற்றாக அழிந்தது என்றுதான் எடுக்க வேண்டும் என்றார். அந்த இளைஞரும் நல்லவர்தான். குரலைத் தாழ்த்தித்தான் பதில் சொன்னார். மொழிபெயர்ப்புப் பிழை என்று எழுத்தில் வந்தால் எல்லாக் கட்டும் செல்லாது. மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். கப்பல்காரர்கள் இப்படி ஒரு சாட்டுக்குத்தான் காத்திருக்கிறார்கள். சொல்வதா இல்லையா என்று நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும் என்றார். ரீச்சர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு மண்டபத்தைப் பார்த்தார். மறைக்கவில்லை. அந்தப் பேச்சு முழுவதையும் அவர்களுக்குத் தமிழில் சொன்னார். சொற்கள் தன்னுடையவை என்பதையும், அதைத் தான் எழுதிக் கொடுத்தால் யாருக்கும் இப்போதைக்கு ஒன்றும் கிடைக்காது என்பதையும், பிறகும் கிடைக்குமோ தெரியாது என்பதையும் சொன்னார். ஏன் அப்படி எழுதினார் என்பதை மட்டும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. இங்கிலிஷ் என்றால் அப்படித்தான், ஒரு சொல்லுக்குப் பல சொல் இருக்கும் என்று எடுத்துக்கொண்டார்கள்.

முழுத் தொகை கிடைக்கப் போகிறவர்கள் தரையைப் பார்த்தார்கள். மற்றவர்கள் ரீச்சரைப் பார்த்தார்கள். ஒருவருக்கொருவர் கொண்டான் கொடுத்தான் உறவு, கரையில் பக்கத்துப் பக்கத்து மீன் வாடி, ஒரே படகில் போகிறவர்கள். தனக்கு வேண்டும் என்று எழுந்து சொன்னால் பக்கத்தில் இருப்பவனின் வாயிலிருந்து எடுப்பதாக ஆகும். ஜன்னலோரத்திலிருந்துதான் சத்தம் வந்தது.

"விடுங்க அக்கா. கிடைக்கிறவனுக்காவது கிடைக்கட்டும்."

தம்பி அதைச் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். யாரும் அவரைப் புகழவில்லை, தடுக்கவுமில்லை. ரீச்சர் அங்கே கிடந்த கதிரையில் இருந்தார். நான் தாள்களைப் பரப்பி ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கையொப்பம் வாங்கினேன். அன்றைய என் வேலை அதுதான்.

தம்பி அடுத்த பருவத்துக்கு முன்பே படகை விற்றார். வலையில்லாமல் படகை வைத்துக்கொண்டு என்ன செய்வது. ஊரில் யாரும் ரீச்சரை முகத்துக்கு நேரே குறை சொல்லவில்லை என்று கேள்விப்பட்டேன். பஸ்ஸுக்கு நிற்கும்போது பக்கத்தில் வந்து நிற்பவர்கள் குறைந்துபோனார்கள், அவ்வளவுதான். அலுவலகத்துக்கு அவர் அதற்குப் பிறகு ஒரே ஒரு தடவை வந்தார், இனி வேலை வேண்டாம் என்று நானாவிடம் சொல்ல. படியிறங்கும்போது நான் கூடப் போனேன். ஏன் அப்படி எழுதினீர்கள் என்பதைத் தம்பியிடமாவது சொன்னால் மனப்பாரம் குறையுமே என்றேன். அவர் படியில் நின்று என்னைப் பார்த்தார்.

"சொன்னா, அந்த மாசம் அவனும் பிள்ளையளும் சாப்பிட்டது அவன்ட வலை எண்டு ஆயிடும் மகள். விடுங்க."

இது நடந்து வருடங்கள் போய்விட்டன. நானாவின் அலுவலகம் சுருங்கிச் சுருங்கி, இப்போது அந்த மேல்மாடியில் கைபேசி திருத்துகிறார்கள். நான் வீட்டிலிருந்தபடி அதே கொழும்பு நிறுவனத்துக்கு வேலை செய்கிறேன். மொழிபெயர்ப்பதில்லை. இயந்திரம் மொழிபெயர்த்துத் தருவதை வாசித்துத் திருத்துகிறேன். அதற்கும் ஓர் அளவு வந்துவிட்டது. இயந்திரம் எழுதியதில் நான் எத்தனை எழுத்தை மாற்றினேன் என்று பார்த்துக் கூலி போடுகிறார்கள். முழுவதையும் வாசித்து, மூலத்தோடு ஒப்பிட்டு, சரிதான் என்று ஒன்றும் தொடாமல் விட்டால் நான் ஒன்றும் செய்யவில்லை என்று கணக்கு. மாற்றத் தேவையில்லாத இடத்தில் ஒரு சொல்லை மாற்றி வைக்கலாமே என்று விரல் துடிக்கும். அப்போதெல்லாம் ரீச்சரை நினைத்துக்கொள்வேன், விரலை எடுத்துவிடுவேன். அதனால் எனக்கு நல்லது எதுவும் நடந்ததில்லை. அடிமட்டத்தில் தொடங்கி இதுவரை நான் கண்ட அளவைகளில் ஒன்றாவது வாசிப்பதற்குக் கூலி தந்ததில்லை. இனி ஒன்று வந்து தரும் என்று நான் நம்பவுமில்லை.

ஒரு நாள் சும்மா இருக்கப் பொறுக்காமல், அந்தப் பழைய வசனத்தை இயந்திரத்துக்குக் கொடுத்துப் பார்த்தேன். 'எண்ணெய் பட்டு வலை பாழாப் போச்சு.' அது 'சேதமடைந்தது' என்பதற்குரிய சொல்லைத் தந்தது. பெயரை மாற்றி, படகை மாற்றிக் கொடுத்தேன். எத்தனை தடவை கொடுத்தாலும் அதே சொல். இன்றைக்கு அந்த வாக்குமூலங்கள் போயிருந்தால் கண்டக்குழியில் ஒருவருக்கும் புது வலை கிடைத்திருக்காது. ரீச்சர் எழுதியதால்தான் சிலருக்காவது கிடைத்தது. இதைக் கண்டதும் எனக்கு ஏதோ புதையல் கிடைத்த மாதிரி இருந்தது. அவருக்குக் கொண்டுபோய்க் கொடுக்க என்னிடம் கடைசியில் ஒன்று இருக்கிறது என்று நினைத்தேன். பெருநாள் முடிந்த கிழமையில், உம்மா சுட்ட பலகாரத்தையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

கண்டக்குழிக் கரையில் இப்போது வாடிகளை விட விடுதிகள் அதிகம். வெள்ளைக்காரர்கள் பெரிய பட்டங்களைக் கட்டிக்கொண்டு தண்ணீரில் ஓடுகிறார்கள். தம்பி அப்படியொரு விடுதியில் காவலாளி. ரீச்சர் வாசல் கதிரையில் இருந்தார். கண் மங்கிவிட்டது, என் குரலை வைத்துத்தான் பிடித்தார். இப்போது எப்படி எண்ணுகிறார்கள் என்றுதான் முதலில் கேட்டார். சொன்னேன். கேட்டுச் சிரித்தார், பழைய சிரிப்புத்தான். அந்தச் சிரிப்பு தந்த தைரியத்தில் நான் கொண்டுபோனதையும் சொன்னேன். இயந்திரம் எல்லாருக்கும் அந்த மெல்லிய சொல்லைத்தான் போட்டிருக்கும், உங்களால்தான் அந்தச் சிலருக்காவது வலை கிடைத்தது என்றேன்.

அவர் நான் கொடுத்த பலகாரப் பொதியை மடியில் திருப்பி வைத்தார்.

"அப்ப அதுவும் தம்பிக்குத் தந்திருக்காது" என்றார் பிறகு. "நான் அப்பிடி மாத்தி எழுதினது தம்பி வீட்டுக்குத்தானே மகள்."

எனக்கு எதற்கு வந்தோம் என்றிருந்தது. அப்போது தம்பி வேலை முடிந்து வந்தார். விடுதியின் பெயர் தைத்த சட்டை, தலை முழுதும் நரைத்திருந்தது. என்னை அடையாளம் கண்டு, உள்ளே போய்த் தானே பிளேன்ரீ போட்டுக்கொண்டு வந்தார். அக்காவின் கோப்பைக்கு மூன்று கரண்டி சீனி போட்டுக் கலக்கி, அவருடைய கையைப் பிடித்து அதில் வைத்தார். என்ன கதை நடக்கிறது என்று கேட்டார். பழைய வேலைக் கதை என்றேன். அவர் படியில் குந்திக்கொண்டு, எனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறவர் போல, சந்தோசமாகச் சொன்னார்.

"எண்ணெய் வந்த வருசம் அக்காட இங்கிலிஷ் மட்டும் இல்லாட்டி எங்கட வீட்டில அடுப்பு எரிஞ்சிருக்காது. பிள்ளையளுக்கு நான் இப்பவும் சொல்லுறனான்."

ரீச்சர் கோப்பையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு கடல் இருக்கிற பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தம்பி என்னைப் பார்த்து, சீனி போதுமா என்று கேட்டார். போதும் என்றேன்.